திருச்சி ரோடு, இடது ஓரம்

ஜூன் 10, 2024 – திங்கள்

பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. நான் தினமும் சைக்கிளில் கடை வேலைக்குப் போகிற கோயம்புத்தூர் திருச்சி ரோடே ஒரே நாளில் வேறாகிவிட்டது. போன வாரம்வரை சிங்காநல்லூர் சிக்னலில் கால் ஊன்றி நிற்கவாவது இடம் இருந்தது. இன்று ஸ்கூல் வேன், ஆட்டோ, இரண்டு பிள்ளைகளையும் மூன்று பைகளையும் ஏற்றிய டூவீலர்கள், இதற்கெல்லாம் மேலே பஸ்கள். மே மாசம் பஸ் மோதி அடிபட்ட வலது முழங்கை இப்போது காபி டம்ளரை வாய்வரை கொண்டுபோகும் அளவுக்கு மடங்குகிறது. பிரேக்கை இறுக்கிப் பிடித்தால்தான் உள்ளே சுரீர் என்கிறது, அதனால் இடது பிரேக்கிலேயே ஒப்பேற்றிக்கொண்டு போனேன்.

மஞ்சள் பஸ் 8.50க்கு வந்தது. திரும்பிப் பார்க்கத் தேவையே இல்லை, அந்த ஹாரன் எனக்கு மனப்பாடம். முதலில் கண்ணாடி போகும், தோளுக்குச் சற்று மேலே. அப்புறம் முன்படி, அப்புறம் ஜன்னல் ஜன்னலாகக் கைகள், கடைசியில் பின்படி. பின்படியில் தொங்கிக்கொண்டிருந்த காலேஜ் பையன் ஒருவன் என்மேல் படக்கூடாது என்று தன் பையை உள்பக்கம் இழுத்துக்கொண்டான்.

எனக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் ஒரு முழம் இருக்கும். அதற்கு மேல் இல்லை.

ஜூன் 11

தூறல். ஒரு சாண்.

ஜூன் 14 – வெள்ளி

சைக்கிள் ஓட்டாதவர்களுக்கு ஒன்று புரிவதில்லை. பஸ் ஒருதரம் ஒட்டிக்கொண்டு போய்விட்டால் அதோடு தொலைந்தது சனியன் என்று நினைக்கிறார்கள். எங்கே தொலைகிறது? கொஞ்ச தூரம் தள்ளி ஸ்டாப்பில் நிற்கும். நான் போய்ச் சேருவேன். அது கிளம்பும், மறுபடி என்னை ஒட்டிக்கொண்டு போகும், மறுபடி நிற்கும். சிங்காநல்லூரிலிருந்து ராமநாதபுரம்வரை நானும் அதுவும் ஜோடி போட்டுக்கொண்டுதான் போகிறோம். அது பறக்கிறது, நான் மிதிக்கிறேன், ஆனால் சுங்கத்தில் பார்த்தால் இரண்டு பேரும் ஒரே சிக்னலில் நிற்கிறோம். இதை அந்த டிரைவர் ஒரு நாளாவது யோசித்திருப்பாரா?

முந்துவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், முந்தின கையோடு இடது பக்கம் வெட்டுவதுதான் கொடுமை. ஸ்டாப் இருபதடி முன்னால் இருக்கும்போதுதான் என்னை முந்தியே தீரவேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றும். பஸ்ஸின் முன்பாதி என்னைத் தாண்டியிருக்கும், பின்பாதி இன்னும் என் பக்கத்திலேயே இருக்கும், அதற்குள் ஒடித்துவிடுவார்கள். எனக்கு இடது பக்கம் சாக்கடை மூடி, வலது பக்கம் தகரம், அந்தத் தகரம் என்னை நோக்கி வந்துகொண்டே இருக்கும். பிரேக் பிடிப்பதைத் தவிர வேறு வழியில்லை. பிடித்தால் பின்னால் வருகிற டூவீலர்காரன் என்னைத்தான் திட்டுவான், பஸ்ஸை இல்லை. பஸ்ஸை யாரும் திட்டுவதில்லை. மழையைத் திட்டுகிறோமா?

நின்ற பஸ்ஸை எந்தப் பக்கமாகத் தாண்டுவது என்பது தனிப் பஞ்சாயத்து. இடது பக்கம் போனால் இறங்குகிற ஜனங்கள்மேல் போய் முட்டவேண்டும். வலது பக்கம் போனால் நான் பாதி வழியில் இருக்கும்போது சரியாகக் கண்டக்டர் விசில் அடிப்பார். இப்போதெல்லாம் பின்னாலேயே நின்று புகையைக் குடித்துக்கொண்டு காத்திருக்கிறேன், அது கிளம்பி நன்றாக விலகிப்போன பிறகுதான் மிதிக்கிறேன். கடைக்கு ஐந்து பத்து நிமிஷம் லேட். முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

ஜூன் 16 – ஞாயிறு

சைக்கிளைத் தொடவில்லை. மத்தியானம் தூக்கத்தில் அந்த ஹாரன்.

ஜூன் 19 – புதன்

கீழ்வீட்டு மாமா வாசலில் உட்கார்ந்திருந்தார். ரிட்டயர் ஆகும்வரை பஸ் ஓட்டினவர். "ஏனுங் அம்மிணி, கை எப்புடி இருக்குது?" என்று தினமும் கேட்பார், நானும் பரவாயில்லீங் மாமா என்று சொல்லிவிட்டு மாடி ஏறிவிடுவேன். இன்றைக்கு என்னவோ நின்றுவிட்டேன். ஏனுங் மாமா, பஸ் ஓட்டறவங்களுக்கு நாங்க கண்ணுக்கே தெரியறதில்லையா என்று கேட்டுவிட்டேன். கோபமாகத்தான் கேட்டேன்.

அவருக்குக் கோபம் வரவில்லை. தம்பியிடம் (என் மகனை அப்படித்தான் கூப்பிடுவது) சாக்பீஸ் வாங்கி வாசல் சிமெண்டில் ஒரு நீளப் பெட்டி போட்டார். "இதாண்டா பஸ்ஸு. டிரைவர் எங்க உக்காந்திருக்கான்? இங்க, வலது ஓரத்துல. உங்கம்மா எங்க போகுது? அக்கட்டால, இடது ஓரத்துல. நடுவுல எட்டடி. அந்தப் பக்கம் என்ன நடக்குதுன்னு கண்ணாடியில பார்த்தாத்தான் உண்டு. முன்படியில நாலு பேரு நின்னுட்டா அந்தக் கண்ணாடியும் போச்சு. அப்பறம் எல்லாம் அனுமானந்தான்."

அனுமானமா! என் முழங்கை ஒருவருடைய அனுமானத்துக்கு உள்ளே போய்விட்டு வந்திருக்கிறது.

அப்புறம் வால். இதுவரைக்கும் இதைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. பின் சக்கரத்துக்குப் பின்னால் ஒன்பது பத்தடித் தகரம் சும்மா தொங்குகிறது. ஸ்டாப்பிலிருந்து கிளம்பும்போது டிரைவர் வலது பக்கம் ஒடித்தால் அந்த வால் இடது பக்கம் வீசும். டிரைவர் கண்ணெல்லாம் வலது பக்கம், லாரி வருதா கார் வருதா என்று. இடது பக்கம் வால் வீசுகிற இடத்தில் யார் நிற்கிறார்கள் என்று அந்த நேரத்தில் யாரும் பார்ப்பதில்லை. "நின்ன பஸ்ஸுக்கு ஒட்டி மட்டும் நிக்காதீங்க. பின்னாடி நில்லுங்க, இல்ல முன்னாடி அவன் மூஞ்சி தெரியற இடத்துல நில்லுங்க. அவன் மூஞ்சி உங்களுக்குத் தெரிஞ்சாத்தான் உங்க மூஞ்சி அவனுக்குத் தெரியும்."

ராத்திரி நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கடையில் என் தொழிலே கணக்கு எழுதுவதுதானே. ஒரு லேன் மூன்றரை மீட்டர். பஸ் இரண்டரை மீட்டர். மிச்சம் ஒரு மீட்டர். அதில் என் ஹேண்டில்பார் அறுபது செ.மீ. மண்ணும் குழியும் சாக்கடை மூடியும் இருக்கிற ஓரத்தை விட்டு நான் தள்ளிப் போவது, குறைந்தபட்சம் முப்பது. கழித்தால் பத்து செ.மீ. வருகிறது. திரும்பத் திரும்பப் போட்டாலும் பத்துதான் வருகிறது. அதாவது அந்த டிரைவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், எவ்வளவு நிதானமாக ஓட்டினாலும், அதே லேனில் என்னைத் தாண்டினால் ஒட்டிக்கொண்டுதான் தாண்ட முடியும். பக்கத்து லேனுக்குப் போகவேண்டும், இல்லையென்றால் என் பின்னால் வரவேண்டும். மூன்றாவது வழியே கிடையாது, ஆனால் எல்லோரும் அந்த மூன்றாவது வழியில்தான் போகிறார்கள்.

ஜூன் 22

ரப்பர் பந்து அமுக்கச் சொல்லியிருக்கிறார்கள். அமுக்குகிறேன்.

ஜூன் 26 – புதன்

இன்றைக்கு ஓரத்தை விட்டேன். ஓரத்திலிருந்து மூன்று முழம் தள்ளி, லேனுக்கு நடுவில் என்றே சொல்லலாம், நேராகப் பிடித்துக்கொண்டு போனேன். பத்து செ.மீ. மிச்சம் இருக்கிற இடத்தை மிச்சமே இல்லாத இடமாக ஆக்கிவிட்டால் டிரைவர் முடிவு எடுத்துத்தானே ஆகவேண்டும், அதுதான் என் யோசனை.

முதல் நிமிஷம் முதுகெல்லாம் கூசியது. பின்னால் ஹாரன் மேல் ஹாரன். ஒரு ஆட்டோக்காரர் பக்கத்தில் வந்து தலையை வெளியே நீட்டி, "யக்கா, ரோட்டைப் பட்டா போட்டு வாங்கிட்டீங்களா?" என்றார். பதில் சொல்லவில்லை, சிரிப்பு வந்துவிட்டது. ஒரு பச்சை டவுன் பஸ் பின்னாலேயே கொஞ்ச நேரம் வந்தது, அப்புறம் இண்டிகேட்டர் போட்டு முழுசாக அந்த லேனுக்குப் போய்த் தாண்டியது. முழுசாக! நடுவில் ஒரு கார் போகலாம், அவ்வளவு இடம். அந்த டிரைவர் யாரோ, நன்றாக இருக்கட்டும்.

மஞ்சள் பஸ் விடவில்லை. ஸ்டாப் வருகிறவரை ஹாரனில் கையை வைத்தபடியே என் முதுகுக்குப் பின்னால் வந்தது. ராமநாதபுரத்தில் மேம்பாலத்துக்குக் கீழே சர்வீஸ் ரோடு வந்ததும் என் வீரமெல்லாம் போய்விட்டது, அங்கே ஒரே ஒரு லேன், ஒரு பக்கம் பாலத்தின் தூண், மறுபக்கம் கடைகளின் டூவீலர்கள். இறங்கி ஓரமாக நின்று அதற்கு வழி விட்டேன். கண்டக்டர் பின்படியிலிருந்து தகரத்தை இரண்டு தட்டு தட்டி, "ஓரமாப் போம்மா, வீட்ல சொல்லிட்டு வந்தியா" என்றார்.

வீட்டில் சொல்லிவிட்டுத்தான் வருகிறேன்.

ஜூலை 2 – செவ்வாய்

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். யாரிடமும் சொல்லவில்லை, கடையில் பேங்க் வேலை என்று சொல்லிவிட்டுப் போனேன்.

அங்கே இருந்தவர் நல்ல மாதிரிதான் பேசினார். பஸ் நம்பர் இருக்குதா என்றார், இருக்கிறது. நேரம், இடம், எல்லாம் எழுதி வைத்திருக்கிறேன் என்று நோட்டைக் காட்டினேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "மோதுச்சா?" என்றார். மோதினது மே மாசம், அது இந்தப் பஸ்தானா என்று எனக்குத் தெரியாது, அப்போது நம்பர் பார்க்கிற நிலையில் நான் இல்லை. இது வேறு. இது தினமும் ஒட்டிக்கொண்டு போகிறது. "மோதலைன்னா என்னன்னும்மா எழுதறது?"

தம்பி போனில் தேடிக் கொடுத்ததைச் சொன்னேன். மோட்டார் வாகனச் சட்டம் 184, ஆபத்தாக ஓட்டுவது. 2019 திருத்தத்துக்கு அப்புறம் விதிக்குப் புறம்பாக முந்துவதும் அதில் வருகிறது. முதல் தடவைக்கே ஆயிரத்திலிருந்து ஐயாயிரம்வரை அபராதம். அவர் தலையை ஆட்டினார். கூடவே இந்தியத் தண்டனைச் சட்டம் 279-ம் போடலாம் என்று சொல்லிவிட்டு, அடடே, நேற்றிலிருந்து புதுச் சட்டம், அது இல்லையே என்று மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்த தாளை எடுத்துப் பார்த்தார். பழைய பிரிவு ஒரு பக்கம், புதுப் பிரிவு ஒரு பக்கம் என்று பட்டியல். விரலை வைத்துக்கொண்டே கீழே வந்து 281 என்று கண்டுபிடித்தார். ஆறு மாசம் இல்லாட்டி ஆயிரம் ரூபாய். நம்பர்தான் மாறியிருக்கிறது, ஆயிரம் ரூபாய் அப்படியே இருக்கிறது.

காகிதத்தை வாங்கிக்கொண்டார். கூப்பிடுகிறோம் என்றார்.

ஜூலை 5

போன் வரவில்லை.

ஜூலை 8 – திங்கள்

நான் ஸ்டேஷனுக்குப் போனது வீட்டுக்காரருக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. கத்தவில்லை, அதுதான் பிரச்சினை. சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவிக்கொண்டே, "பொம்பளைங்களுக்குப் பஸ்ஸே சும்மா. 2021-லிருந்து சும்மா. ஒத்தப் பைசா செலவில்லாம போறதை விட்டுட்டு நீ ஏன் அதுகூட மல்லுக்கட்டிட்டு இருக்கற?" என்றார்.

நியாயமான கேள்விதான். நானும் பஸ்ஸில் போனவள்தான். ஒண்டிப்புதூரிலிருந்து வரும்போதே நிரம்பி வரும். நின்றுகொண்டு போய், இறங்கி, அங்கிருந்து கடைக்கு நடந்து, எல்லாம் சேர்த்தால் சைக்கிளைவிடக் கால் மணி நேரம் கூடத்தான் ஆகும். ஆனால் காரணம் அது இல்லை. காலையில் வளைவு தாண்டி வேப்ப மரத்து நிழலில் மிதிக்கும்போது, அந்த நாலு நிமிஷம் என்னை யாரும் எதுவும் கேட்பதில்லை. இதை அவரிடம் எப்படிச் சொல்வது? சொன்னால், வீட்டில் நாங்கள் அப்படி என்ன கேட்டுவிட்டோம் என்பார்.

அது மட்டும் இல்லை. தம்பி இந்த வருஷம் பதினொன்றாவது. பள்ளிக்கூடத்தில் சைக்கிள் கொடுப்பார்கள். எந்த ரோட்டில் ஓட்டப்போகிறான்?

ஜூலை 13 – சனி

தம்பி ஒரு கதை கொண்டுவந்தான், கதை இல்லை, நிஜமாம். இங்கிலாந்தில் இயன் வாக்கர் என்று ஒரு பேராசிரியர், மனோதத்துவம். சைக்கிளில் தூரம் அளக்கிற கருவியைக் கட்டிக்கொண்டு ரோட்டில் ஓட்டியிருக்கிறார், தன்னைத் தாண்டிப் போகிற ஒவ்வொரு வண்டியும் எவ்வளவு தள்ளிப் போகிறது என்று பதிவு செய்ய. 2007-ல் வெளியிட்டிருக்கிறார். ஹெல்மெட் போட்டால் வண்டிகள் சராசரியாக எட்டரை செ.மீ. இன்னும் கிட்ட வந்திருக்கின்றன. போட்டிருக்கிறான், ஒன்றும் ஆகாது என்ற நினைப்புதான் போலிருக்கிறது. பஸ்ஸும் லாரியும்தான் எல்லாரையும்விடக் கிட்ட வந்தவை. அப்புறம் நீளமான விக் ஒன்றை வைத்துக்கொண்டு ஓட்டியிருக்கிறார், பின்னாலிருந்து பார்த்தால் பெண் மாதிரித் தெரிய. உடனே பதினாலு செ.மீ. கூட இடம் விட்டார்களாம்!

தம்பி சிரித்து உருண்டான். "அம்மா, உனக்கு நிஜ ஜடையே இருக்குது, அப்பறம் ஏன் உனக்கு விட மாட்டீங்கறாங்க?"

நல்ல கேள்வி. நானே கவனித்திருக்கிறேன், சேலையில் போகிற நாளுக்கும் சுடிதாரில் போகிற நாளுக்கும் வித்தியாசம் இருக்கிற மாதிரி ஒரு நினைப்பு, சேலை கட்டினால் கொஞ்சம் தள்ளிப் போகிறார்கள், முந்தானை சக்கரத்தில் சிக்கும் என்ற பயமாக இருக்கலாம். கருவி வைத்து அளந்ததில்லை, என் முழம்தான் அளவு. அந்தப் பேராசிரியரை ஆராய்ச்சி நடக்கும்போதே ஒரு பஸ்ஸும் ஒரு லாரியும் இடித்திருக்கின்றன, இரண்டு தடவையும் ஹெல்மெட்டோடு. அதைப் படித்தபோது தம்பி சிரிக்கவில்லை.

வேறு நாடுகளில் தூரத்தையே சட்டத்தில் எழுதி வைத்திருக்கிறார்களாம். ஜெர்மனியில் 2020-லிருந்து ஊருக்குள் ஒன்றரை மீட்டர், ஊருக்கு வெளியே இரண்டு. பிரான்சில் ஊருக்குள் ஒன்று, வெளியே ஒன்றரை. ஒன்றரை மீட்டர் என்றால் மூன்றேகால் முழம். திருச்சி ரோட்டில் மூன்றேகால் முழத்துக்குள் ஒரு டூவீலரும் ஒரு பூக்கூடையும் ஒரு மாடும் போய்விடும்.

ஜூலை 17 – புதன்

ஆடி ஒன்று. காத்து ஆரம்பித்துவிட்டது, உண்மையில் ஜூனிலேயே ஆரம்பித்தது, இன்றைக்குத்தான் முழு ரவுசு. பாலக்காட்டுக் கணவாயிலிருந்து நேராக என் மூஞ்சிக்கு. காலையில் மேற்கே போகிறேன், எதிர்க்காத்து. மிதிக்க மிதிக்க நகரமாட்டேன் என்கிறது.

இந்தக் காத்தில் பஸ் தாண்டும்போது என்ன ஆகிறது என்றால், முதலில் அதன் மூக்கு தள்ளுகிற காற்று என்னைச் சாக்கடைப் பக்கம் சாய்க்கிறது. நான் அதற்கு எதிராக வலது பக்கம் அழுத்திப் பிடிக்கிறேன். அப்புறம் ஒன்றரை இரண்டு நொடிக்குக் காத்தே இல்லை, நீளத்துக்கும் பஸ் அடைத்துக்கொண்டு போகிறது. நான் இன்னும் வலது பக்கம் அழுத்திக்கொண்டுதான் இருக்கிறேன், அதனால் சைக்கிள் தானாகவே பஸ்ஸை நோக்கிப் போகிறது. வால் தாண்டியதும் பின்னால் ஒரு இழுப்பு, அதுவும் வலது பக்கமாகவே. மூன்று தடவை அடி வாங்கி மூன்று தடவை சமாளிக்கவேண்டும், இரண்டு நொடியில், ஒரு கையில் வலியை வைத்துக்கொண்டு. படித்தவர்கள் இதற்கு ஏதாவது பேர் வைத்திருப்பார்கள். நான் கண்டுபிடித்தது இவ்வளவுதான்: ஹாரன் கேட்டவுடனே தோளைத் தளர விடவேண்டும், ஹேண்டிலை இறுக்கக் கூடாது. இறுக்கினால் போச்சு.

ஜூலை 18

போன் வரவில்லை. தலைவலி.

ஜூலை 25 – வியாழன்

சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டில் டீக்கடை. ஸ்பேர் பார்ட்ஸ் பார்சல் ஒன்று வாங்கப் போயிருந்தேன், மஞ்சள் பஸ் நின்றுகொண்டிருந்தது. டிரைவர் சீட் காலி. டீக்கடையில் காக்கிச் சட்டை போட்ட பையன் ஒருவன், பையன்தான், முப்பதைத் தொட்டிருக்கமாட்டான், பன்னை டீயில் முக்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

எத்தனை நாளாக மனசுக்குள் ஒத்திகை பார்த்த வசனம்! ஒன்றும் வாயில் வரவில்லை. தம்பி, நீங்கதான் இந்த வண்டியா, காலையில எட்டம்பது வண்டி, என்றேன். ஆமாங்க்கா, ஏதாச்சும் பொருளை விட்டுட்டீங்களா என்றான்.

நான் அந்தச் சைக்கிள்காரி என்றேன். அவன் முழித்தான். அவனுக்கு அந்தச் சைக்கிள்காரி என்று யாரும் இல்லை. பஸ்ஸில் பின்னாலிருந்து பார்த்தால் எல்லாச் சைக்கிளும் ஒரே முதுகுதான் போலிருக்கிறது.

கோபப்படாமல்தான் கேட்டேன். அவனும் கோபப்படாமல்தான் சொன்னான். "எனக்கு நாலு நிமிஷம் முன்னாடி ஒரு வண்டிங்க்கா, அஞ்சு நிமிஷம் பின்னாடி ஒரு வண்டி. முன்னாடி போறவன் உருட்டிட்டுப் போனான்னா என்ற கூட்டத்தையும் அவனே அள்ளீட்டுப் போயிருவான். நான் லேட்டானா பின்னாடி வர்றவன் என்னை முந்தீட்டு அடுத்த ஸ்டாப்புல நிப்பான். அப்பறம் ஸ்டாண்டுல வந்து ரெண்டு ஓனரும் சண்டை. எனக்குக் கலெக்‌ஷன்ல பேட்டா. ஒரு ஸ்டாப்புல நாலு டிக்கெட் போனா அது என்ற காசுங்க்கா." ஹாரன் எதுக்கு அப்படி அடிக்கிறீங்க என்றேன். சைக்கிள்காரங்க திடீர்னு வலது பக்கம் ஒடிச்சிருவாங்க, அதுக்குத்தான், நல்லதுக்குத்தான் அடிக்கறேன் என்றான். குழி வந்தா ஒடிக்காம என்னங் தம்பி செய்யறது? அவன் யோசித்தான். உண்மையிலேயே யோசித்தான், பன் கையில் அப்படியே இருந்தது. குழி இங்கிருந்து தெரியாதுங்க்கா என்றான்.

டைம் கீப்பர் விசில் அடித்தார். பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு ஓடினான். டம்ளருக்குப் பக்கத்தில் பன் பாதி கிடந்தது. கடைக்காரர் தினமும் பாதிதான் குடிப்பான் என்றார்.

எனக்கு இப்போது யார்மேல் கோபப்படுவது என்று குழப்பமாக இருக்கிறது, அது கோபத்தைவிட எரிச்சலாக இருக்கிறது.

ஜூலை 26

அதே மஞ்சள் பஸ், முக்கால் முழம். ஓட்டினது வேறு ஆள்.

ஜூலை 30

வயநாட்டில் நிலச்சரிவு. டிவியை அணைக்கவே முடியவில்லை. ரோட்டைப் பற்றி எழுத மனசில்லை.

ஆகஸ்ட் 3 – சனி

ஆடிப் பெருக்கு. பேரூர்ப் பக்கம் போகிற பஸ்ஸெல்லாம் நிரம்பி வழிந்தது. கூட்டம் இருந்தால் பஸ் மெதுவாகப் போகும், மெதுவாகப் போனால் இடைவெளி கூடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நேர்மாறு. மெதுவாகப் போகிற பஸ் ரொம்ப நேரம் பக்கத்திலேயே இருக்கும், படியில் தொங்குகிறவர்களின் கால் என் ஹேண்டிலுக்கு மேலேயே வரும். ஒரு பாட்டி ஜன்னலிலிருந்து என்னைப் பார்த்துப் பதறி, "டேய் பார்த்துடா, பொம்பளப் புள்ள போகுது" என்று டிரைவரைக் கத்தினார். நாற்பத்து நாலு வயசுப் பொம்பளப் புள்ள. நாள் முழுக்க அதை நினைத்து நினைத்துச் சிரித்தேன்.

மாமாவுக்குக் கலந்த சோறு கொண்டுபோய்க் கொடுத்தேன், தேங்காய், எலுமிச்சை, தயிர். டீக்கடைப் பையன் சொன்னதைச் சொன்னேன். "கவர்மெண்ட் வண்டியில எங்களுக்குக் கலெக்‌ஷன் பயம் இல்ல. நேரப் பயம் இருந்துச்சு. ரன்னிங் டைம் போட்டவன் ரோட்டை எப்பப் பார்த்தானோ, வண்டி பெருகிப் போச்சு, நேரம் அதேதான்" என்றார். அப்புறம் தயிர் சோத்துக்கு ஊறுகாய் கேட்டார்.

ஆகஸ்ட் 9 – வெள்ளி

உக்கடம் மேம்பாலத்தைத் திறந்துவிட்டார்கள். எத்தனை வருஷத் தூசி. கடையில் எல்லோரும் போனில் வீடியோ பார்த்தார்கள், மேலே ஏறினால் ஆத்துப்பாலத்தில்தான் இறங்குவார்களாம். கீழே ரோடு காலியாகும், சைக்கிளுக்கு நல்லது என்று முதலாளி சொன்னார். சுங்கம் பாலம் திறந்தபோதும் இப்படித்தான் சொன்னார்கள். கார்களெல்லாம் மேலே போனது, ஸ்டாப் எல்லாம் கீழே இருப்பதால் டவுன் பஸ்ஸெல்லாம் கீழேயே இருக்கிறது. கீழே அவையும் நாங்களும்தான்.

ஆகஸ்ட் 13 – செவ்வாய்

தம்பிக்குச் சைக்கிள் கொடுத்துவிட்டார்கள். முன்னால் கூடையோடு, சீட்டில் பாலிதீன் கவர்கூடப் பிரிக்காமல், தள்ளிக்கொண்டே வந்தான், ஓட்டக் கூடாது என்று நான் சொல்லி வைத்திருந்ததால். அவன் முகத்தைப் பார்த்தபோது அப்படிச் சொல்லியிருக்கவேண்டாம் என்று தோன்றியது.

தெருமுனைச் சைக்கிள் கடைக்குக் கொண்டுபோனோம். நட்டெல்லாம் பாதிதான் முறுக்கியிருந்தது. முன் பிரேக் கட்டை ரிம்மில் உட்காரவே இல்லை, டயரில் உரசிக்கொண்டிருந்தது. கடைக்காரர் சக்கரத்தைச் சுழற்றி, ஒரு கம்பியைத் தட்டி, காதை வைத்துக் கேட்டு, இன்னொரு கம்பியை முறுக்கினார். பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர் உடைந்திருந்தது, புதுசு போட்டோம். கண்ணாடி ஒன்றும் கேட்டேன், வலது பக்கம் மாட்ட. தம்பி வேண்டவே வேண்டாம், பசங்க கிண்டல் பண்ணுவாங்க என்றான். என் சைக்கிளுக்கு ஒன்று மாட்டிக்கொண்டேன், எனக்கு யாரும் கிண்டல் பண்ணமாட்டார்கள்.

ஆகஸ்ட் 18 – ஞாயிறு

விடியற்காலை ஐந்தரை. ரோடு காலி. தம்பி முன்னால், நான் பின்னால். சிங்காநல்லூரிலிருந்து பள்ளிக்கூடம்வரை போய்த் திரும்பினோம். எங்கெல்லாம் பஸ் வெட்டும், எங்கெல்லாம் சாக்கடை மூடி உள்வாங்கியிருக்கிறது, குழாய் பதிக்கத் தோண்டி மூடின இடம் எது, எல்லாவற்றையும் நிறுத்தி நிறுத்திக் காட்டினேன். ஓரத்திலிருந்து மூணு முழம்டா என்றேன். முழம்னா எவ்வளவும்மா என்றான். கையை நீட்டிக் காட்டினேன். வலது கை முழுசாக நீளவில்லை, இடது கையால் காட்டினேன்.

ஹாரன் அடிச்சா என்ன செய்யோணும்? திரும்பிப் பார்க்கக் கூடாது, திரும்பினா சைக்கிளும் திரும்பும். தோளைத் தளர விடோணும். நின்ன பஸ்ஸுக்கு? பின்னாடி. பரீட்சைக்கு ஒப்பிக்கிற மாதிரி ஒப்பித்தான். அப்புறம், "அம்மா, நீ பின்னாடியே வருவியா டெய்லியும்?" என்றான். வரலைடா என்றேன். ஒரு வாரம் மட்டும் என்றேன். பத்து நாள்.

திரும்பும்போது எதிரே முதல் நடை பஸ் ஒன்று காலியாக வந்தது, நடு ரோட்டில், யாரையும் ஒட்டாமல், நிதானமாக. காலியாக இருந்தால் எவ்வளவு சாதுவாக இருக்கிறது.

ஆகஸ்ட் 19 – திங்கள்

பின்னாலேயே போனேன், நூறடி விட்டு. பள்ளிக்கூடத்துக்குக் கொஞ்சம் முன்னால் அவனை ஒரு டவுன் பஸ் தாண்டியது. எவ்வளவு இடம் விட்டார்கள் என்று இங்கிருந்து தெரியவில்லை. பின்னாலிருந்து பார்த்தால் முழுசாக மறைத்துவிடுகிறது. அப்புறம் வெள்ளைச் சட்டை தெரிந்தது.

ஆகஸ்ட் 20 – செவ்வாய்

போன் வந்துவிட்டது. ஸ்டேஷனிலிருந்து. நாளைக் காலை பத்தரைக்கு வரவேண்டுமாம், பஸ் ஓனர் தரப்பிலிருந்தும் ஆள் வருவாராம், பேசி முடித்துக்கலாம் என்கிறார்கள். என்னத்தைப் பேசி முடிப்பது? எந்த டிரைவர் என்று கேட்டார்கள். ஒருத்தர் இல்லைங்க, மாறி மாறி வர்றாங்க என்றேன். யாராச்சும் ஒருத்தரைச் சொல்லோணுமேம்மா என்றார்.

அந்த டீக்கடைப் பையனை என் முன்னால் கொண்டுவந்து நிறுத்தி மன்னிப்புக் கேட்கச் சொல்வார்கள், அவனும் கேட்பான், மத்தியான நடைக்கு நேரமாகிறது என்று ஓடுவான். எனக்கு அது வேண்டாம். நேரப் பட்டியலைக் கேட்கப்போகிறேன், எத்தனை நிமிஷத்தில் சிங்காநல்லூரிலிருந்து உக்கடம் போகச் சொல்லியிருக்கிறார்கள் என்று காகிதத்தில் காட்டச் சொல்லி. நான் கணக்குக்காரி, காகிதம் இருந்தால் பேசுவேன். மாமா கூட வருகிறேன் என்றிருக்கிறார், இஸ்திரி போட்ட சட்டையை இப்போதே எடுத்து மாட்டிவிட்டாராம். கடைக்கு லீவு சொல்லவேண்டும். தம்பிக்கு நாளைக்கு மட்டும் யார் பின்னால் போவது என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன், நான் போறேன் என்றார், சைக்கிளே ஓட்டாதவர், டூவீலரில் போவாராம், பரவாயில்லை.

மே மாசத்து எக்ஸ்ரேயையும் எடுத்துவரச் சொன்னார்கள். பீரோவில் மேல்தட்டில் இருக்கிறது என்கிறார் இவர். பார்த்துவிட்டேன், அங்கே இல்லை.